வடசேரிக்குச் சம்பல் இல்லை

மரியாதையால் ஒரு மரத்தைக்கூட நகர்த்த முடியாது. மட்டக்களப்பு வாவிக்கரையில் மரம் வாங்கி அறுத்து விற்கிற ஒரு மரக்காலையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இதைக் கண்டுகொண்டேன். ஆனால் மரியாதையைத் தவிர வேறெதுவும் அப்போது என் கைவசம் இருக்கவில்லை.

ரெயில் பாதை எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்த காலம் அது. ரெயிலை நாங்கள் இன்னும் காணவில்லை. அதன் பசியை மட்டும் கண்டோம். தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டை, சிறு பாலங்களுக்கு உத்தரம் என்று எவ்வளவு மரம் கொடுத்தாலும் அதற்குப் போதவில்லை. படுவான்கரைக் காடுகளில் வெட்டிய பாலையும் முதிரையும் வாவி வழியாகவே எங்கள் மரக்காலைக்கு வந்தன. இந்த இரண்டும் தண்ணீரில் போட்டால் கல்லைப்போலத் தாழ்ந்துபோகிற மரங்கள். அதனால் இரண்டு தோணிகளுக்கு நடுவே மரத்தைக் கட்டித் தொங்கவிட்டு, கம்பால் ஊன்றி ஊன்றிக் கொண்டுவருவார்கள். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரத்துக்கு வடம் போட்டு, ஒரு கூட்டம் ஆட்கள் சேர்ந்து மேட்டுக்கு இழுக்க வேண்டும்.

என் வேலை கிளாக்கர் வேலை. வருகிற மரத்தை அளப்பதும், இழுக்கிற ஆட்களை நடத்துவதும் என் பொறுப்பு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பா வாவியில் வலை வீசுகிறவர். நான் வேலைக்குப் போன முதல் நாள் அவர் தோணியைக் கரையில் விட்டுவிட்டு, நான் சப்பாத்தும் கோட்டும் போட்டுக்கொண்டு ஒழுங்கையால் நடந்து போவதைப் பார்க்கவென்றே என் பின்னால் வந்தார். பக்கத்தில் வந்தால் என் மதிப்புக் குறைந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, கொஞ்சம் தள்ளியே வந்தார். வழியில் கண்டவர்களுக்கெல்லாம் ஒன்றும் பேசாமல் கையால் என்னைக் காட்டினார். நான் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் வலைக்குக் கட்டை பார்ப்பவர்போல வேலியைப் பார்த்தார்.

மரம் இழுப்பதற்கு ஒரு குரல் வேண்டும். ஒருவர் குரல் கொடுக்க, அந்தக் குரல் விழுகிற இடத்தில் எல்லா முதுகுகளும் ஒன்றாகச் சாய வேண்டும். ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாகச் சாய்ந்தால் வடம்தான் முறுகும். ஆட்களே குரல் கொடுத்தால் அது பாட்டாக நீண்டு பொழுது போய்விடுகிறது என்று முதலாளிக்கு ஒரு எண்ணம். அதனால் அந்தப் பொறுப்பையும் கிளாக்கரின் தலையில் வைத்திருந்தார்.

முதல் நாள் நான் நெஞ்சை நிமிர்த்தி, பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டிக்குப் பழகிய குரலில், "அனைவரும் இழுங்கள்!" என்றேன்.

இழுத்தார்கள். மிகவும் மரியாதையாக இழுத்தார்கள். மரம் அவர்களைவிட மரியாதையாக, கிடந்த இடத்திலேயே கிடந்தது.

அவர்கள் என்னை ஒரு சொல் குறைத்துப் பேசியதில்லை. "ஓம் ஐயா", "சரி ஐயா", "அப்பிடியே ஐயா." நான் தூரத்தில் வரும்போது மரக்காலை முழுவதும் சிரிப்பாக இருக்கும். பக்கத்தில் வந்ததும் விளக்கை அணைத்ததுபோல எல்லாம் நின்றுவிடும். வடத்தின் முன்தலையில் நிற்கிற ஆள் ஒருவர் இருந்தார். அகன்ற தோள், கட்டைக் குரல். எல்லோரும் அவரை முன்வடம் என்றே கூப்பிட்டார்கள். அவர் வாய் திறந்தால் மற்றவர்கள் சிரிப்பதற்குத் தயாராக நிற்பார்கள். என்னைக் கண்டால் அவர் வாயை மூடிக்கொண்டு வானத்தைப் பார்ப்பார், மழை வருமா என்று யோசிக்கிறவரைப்போல.

நானும் சும்மா இருக்கவில்லை. ஒரு நாள் எல்லோருக்கும் என் செலவில் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். குடித்தார்கள், எனக்கு முதுகைக் காட்டி நின்றபடியே குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவித் தந்தார்கள். இன்னொரு நாள் கோட்டைக் கழற்றிவிட்டு நானே வடத்தில் கை வைத்தேன். முன்வடம் வந்து, குழந்தையின் கையிலிருந்து கத்தியை வாங்குவதுபோல மெதுவாக வடத்தை என் கையிலிருந்து எடுத்தார்.

"உடுப்பு ஊத்தையாகிடும் ஐயா. அங்கால நிழல்ல இரிங்க."

நான் நிழலில் போய் இருந்தேன். கொண்டுபோன சோற்றைக் கொட்டிலுக்குப் பின்னால் தனியாக இருந்து தின்றேன்.

அந்த வருடம் கோடை நீண்டது. கச்சான் என்கிற வறண்ட மேல்காற்று வீசி வீசி வாவி ஒதுங்கிப்போனது. முன்பு தண்ணீர் நின்ற இடத்தில் கறுப்புச் சேறு பரந்து கிடந்தது. அந்தச் சமயம் பார்த்துத்தான் அந்தப் பெரிய பாலை வந்து சேர்ந்தது. பாலத்துக்கு என்று தேர்ந்து வெட்டிய மரம். நடுவில் கட்டியிருந்த பாரத்தில் தோணிகள் கரைக்கு வர முடியாமல் தூரத்திலேயே தட்டி நின்றன. கட்டை அவிழ்த்ததும் மரம் சேற்றில் எருமைபோலப் படுத்துக்கொண்டது. நாங்கள் இழுத்தோம். நான் "அனைவரும் இழுங்கள்" என்றேன். அவர்கள் மரியாதையாகச் சாய்ந்தார்கள். எருமை அசையவில்லை.

முதலாளி வந்து பார்த்தார். குடையை மடக்கிச் சேற்றில் ஊன்றி, மரத்தைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"தம்பி, ஆக்களில குறையில்ல. இதே ஆக்கள்தான் முந்தி இதைவிடப் பெரிய மரமெல்லாம் ஏத்தினவங்க. உன்ர சொல்லுக்கு அவங்க இழுக்கிறாங்க இல்ல. ஊருல கொம்புமுறி வைக்கப் போறாங்களாம். அது முடிஞ்சு நான் திருப்பி வருவன். அப்பவும் மரம் இஞ்சயே கிடந்தா, என்ர மருமகன் ஒருத்தன் படிச்சுப்போட்டுச் சும்மா இரிக்கான். நீ மறுகா உன்ர அப்பன்ட தோணிக்கே போகலாம்."

அப்பாவின் தோணிக்குப் போவதில் எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் ஒழுங்கையில் என்னைக் கையால் காட்டிக்கொண்டு வந்த அந்த மனிதர், அதே ஒழுங்கையால் நான் திரும்பி வருவதை எப்படிப் பார்ப்பார்?

கொம்புமுறி பற்றி அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கொம்பு என்றால் மாட்டுக்கொம்பு அல்ல. கொக்கிபோல வளைந்த வயிரமான மரத்துண்டு. எங்கள் பக்கத்துத் தமிழ் ஊர்களில் ஒவ்வொருவரும் வடசேரி அல்லது தென்சேரி. தகப்பன் எந்தச் சேரியோ பிள்ளையும் அந்தச் சேரி; கலியாணம் கட்டினாலும் சேரி மாறாது. மழை பொய்த்தால், நோய் வந்தால், அம்மன் கோயில் வெளியில் இரண்டு சேரியாரும் கூடுவார்கள். இரண்டு கொம்பையும் ஒன்றுக்குள் ஒன்று மாட்டி, இரண்டிலும் வடம் கட்டி, ஆளுக்கொரு பக்கமாக இழுப்பார்கள். எவருடைய கொம்பு முறிகிறதோ அவர்கள் தோற்றவர்கள். தோற்றவர்களை வென்றவர்கள் பாட்டாலும் பேச்சாலும் உரித்து எடுப்பார்கள். தோற்றவர்கள் கோபிக்கக் கூடாது. கோபித்தால் இரண்டாம் தரமும் தோற்றதாகவே பேச்சு.

கொம்புமுறிக்கு நாள் வைத்ததும் எங்கள் மரக்காலை இரண்டாகப் பிரிந்தது. வடசேரிக்காரன் தென்சேரிக்காரனிடம் நெருப்புக்கூடக் கேட்கமாட்டான். மரக்காலையின் வாசலில் பிட்டு விற்கிற பெண் ஒருத்தி இருந்தாள். முன்வடத்தின் மனைவி அவள்தான். புருசன் வடசேரி, இவள் தென்சேரி. நாள் வைத்த அன்றே உலைமூடியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். இது சண்டை இல்லை, முறை. ஆனாலும் பிட்டு விற்க மட்டும் நேரத்துக்கு வந்துவிடுவாள். தென்சேரிக்காருக்குப் பிட்டோடு தேங்காய்ச் சம்பல் வைப்பாள். வடசேரிக்காருக்கு வெறும் பிட்டு.

முன்வடம் தன் மனைவியிடமே வரிசையில் நின்று பிட்டு வாங்கிய காட்சியை நான் கொட்டில் வாசலில் இருந்து பார்த்தேன்.

"இஞ்சாரு, கொஞ்சம் சம்பல்..."

"வடசேரிக்குச் சம்பல் இல்ல!"

"என்ர மரத்துத் தேங்காய்தானே திருவின நீ?"

"தேங்காய் உங்கட. திருவின கை தென்சேரிக் கை. அடுத்த ஆள் வாங்க!"

அவர் வெறும் பிட்டை விழுங்கத் தண்ணீர் தேடிக்கொண்டு போனார். மரக்காலை முழுவதும் சிரித்தது. தென்சேரி சத்தமாகவும், வடசேரி மீசைக்குள்ளும்.

காத்தான்குடியில் இருந்து மாட்டுவண்டி கொண்டுவருகிற முஸ்லிம் ஒருவர் இருந்தார்; அண்ணன் முறை வைத்துக் காக்கா என்றே கூப்பிடுவோம். அறுத்த கட்டைகளை ரெயில் வேலை நடக்கிற இடத்துக்குக் கொண்டுபோகிறவர். அவருக்குச் சேரி இல்லை. அதனால் இரண்டு பக்கத்து ஆட்களும் தங்கள் நியாயத்தை அவரிடம்தான் சொல்வார்கள். பிட்டுக்காரி அவருக்கு மட்டும் இரண்டு பங்கு சம்பல் வைப்பாள்; பொது ஆள் என்றபடியால் ஒரு சேரிக்கு ஒரு பங்காம். அவர் அதை மறுக்கவில்லை.

அன்று பிட்டுக்காரி என்னைப் பார்த்து, "கிளாக்கர் ஐயா என்ன சேரி?" என்று கேட்டாள்.

நான் பல நாளாக எதிர்பார்த்த சந்தர்ப்பம் இது. எல்லோரும் கேட்கும்படி சொன்னேன்: "நான் எந்தச் சேரியும் இல்லை. உங்கள் எல்லோருக்கும் பொதுவானவன்."

பெரிய வார்த்தை சொல்லிவிட்டதாக நினைத்தேன். தென்சேரிக்காரன் ஒருவன், செத்தவீட்டில் நிற்பவனைப்போலத் தலையிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். பிட்டுக்காரி கன்னத்தில் கை வைத்தாள்.

"ஐயோ ராசா! உனக்கு அப்பன் இல்லையா மனே?"

"இருக்கிறார்," என்றேன்.

"அப்ப சேரி இல்லாம எப்பிடிப் போச்சு?"

காக்கா வண்டியில் இருந்தபடியே சத்தம் போட்டார். "தம்பி, பொதுவுக்கு நான் ஒருத்தன் இரிக்கன், போதும். நான் வேற ஊர், வேற மார்க்கம், அதால பொது. உனக்கென்ன வந்திச்சு? என்ர சம்பலில பங்கு கேக்கிற எண்ணமா?"

அப்போதும் என் முன்னால் அவர்கள் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. அவர்கள் என்னைப் பார்த்து இரங்கினார்கள்.

படிப்புக்காகச் சிறுவயதிலேயே விடுதியில் தங்கியதால் ஒரு கொம்புமுறியையும் நான் கண்டதில்லை. வீட்டுக்குப் போனதும் எங்கள் சேரி எது என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் வலையில் கல் கட்டிக்கொண்டு இருந்தார். நடந்ததைச் சொன்னதும் கல்லைக் கீழே போட்டுவிட்டு, இருமல் வரும்வரை சிரித்தார்.

"பொதுவெண்டா சொன்ன? அடேய், படிப்பிச்ச வாத்திமார் இதைச் சொல்லித் தரல்லையா? நாம தென்சேரிடா. நான், என்ர அப்பன், அவரட அப்பன், எல்லாரும் தென்சேரி."

அம்மா வடசேரி. அடுப்படியில் இருந்து அவள் குரல் வந்தது. "எத்தின தரம் தோத்தீங்க எண்டதையும் புள்ளைக்குச் சொல்லுங்க."

"நீ உன்ர வேலையப் பாரு. தோக்கிறதுக்கும் நெஞ்சு வேணும்!"

மறுநாள் நான் மரக்காலைக்குப் போனபோது நேரே பிட்டுக் கடகப்பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன். வரிசையில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். நான் விலகவில்லை, என் முறை வரும்வரை நின்றேன்.

"அப்பாவைக் கேட்டேன். நாங்கள் தென்சேரி."

பிட்டுக்காரியின் முகம் விரிந்ததை இன்றைக்கும் மறக்கமாட்டேன். "அதானே பாத்தன்! மூஞ்சியில எழுதி இரிக்கு. இஞ்ச வா தம்பி, இரு. சம்பல் எடு. இன்னும் எடு!"

ஐயா என்ற சொல் அந்த ஒரு நொடியில் தம்பி ஆனது. நான் மரக்கட்டையில் இருந்து அவர்களோடு பிட்டுத் தின்றேன். சம்பலின் உறைப்பில் எனக்குக் கண்ணீர் வழிந்தது. ஒரு தென்சேரிக்காரன் தன் தண்ணீர்ச் செம்பை என்னிடம் நீட்டினான். எதிர்ப்பக்கத்தில் வெறும் பிட்டோடு இருந்த முன்வடம் என்னை முதன்முறையாக நேராகப் பார்த்தார். வானத்தைப் பார்க்கவில்லை.

"அப்ப கிளாக்கரும் தென்சேரி," என்றார். "நல்லது. முறிக்க இன்னொரு ஆள் கிடைச்சிட்டு."

என்னைப் பற்றி என் முன்னால் அவர் சொன்ன முதல் பகிடி அது. எனக்குப் பெரிய சம்பளம் கிடைத்ததுபோல இருந்தது.

கொம்புமுறி நாளில் பொழுது சாயும் நேரம் கோயில் வெளி நிறைந்துவிட்டது. நான் சப்பாத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனேன். தென்சேரிக்காரர் என்னை வடத்தின் வால்பக்கம் நிறுத்தினார்கள். எனக்குப் பின்னால் அப்பா. அவர் இப்போது தள்ளி நிற்கவில்லை; அவருடைய மூச்சு என் பிடரியில் பட்டது. எதிரே, கொம்புகள் மாட்டியிருந்த இடத்துக்கு அப்பால், முன்வடம் வடசேரி வடத்தின் முன்தலையில் நின்றார். அவருக்குப் பக்கத்தில் எங்கள் மரக்காலையின் பாதிப் பேர். என் பக்கத்தில் மற்றப் பாதி.

இழுக்கத் தொடங்கும் முன் ஒரு சின்ன அமைதி விழுந்தது. அந்த அமைதிக்குள் முன்வடம் தன் கட்டைக் குரலை மெல்லியதாக்கி, கழுத்தை நீட்டி, பேச்சுப் போட்டிக்காரனைப்போல ஒரு கையை உயர்த்தினார்.

"அனைவரும்... இழுங்கள்!"

வடசேரி வெடித்துச் சிரித்தது. தென்சேரியும் சிரித்தது. பின்னால் அப்பா சிரித்த சிரிப்பில் என் தோள் குலுங்கியது. நான் பேசுவது இப்படியா இருக்கிறது என்று முதலில் முகம் எரிந்தது. அடுத்த கணம் எனக்கும் அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே இழுத்தேன்.

அப்போது பார்க்க வேண்டும் அந்த ஆட்களை! மரக்காலையில் மரியாதையாகச் சாய்கிறவர்கள் இங்கே தரையோடு தரையாகப் படுத்தார்கள். குதிகால்கள் மணலைப் பிளந்தன. வடம் வீணைத் தந்திபோல முறுக்கேறி நின்றது. எங்கள் பக்கத்துப் பெண்களுக்குத் தலைமை தாங்கி பிட்டுக்காரி தன் புருசனை இருந்த பிழை, இல்லாத பிழை எல்லாம் சொல்லி ஏசிக்கொண்டு நின்றாள். அவர் ஒரு ஏச்சுக்கு ஒரு அடி பின்னால் போனார். எங்களை இழுத்துக்கொண்டு போனார் என்றுதான் சொல்ல வேண்டும்.

பிறகு ஒரு சத்தம். முறிந்தது எங்கள் கொம்பு.

நாங்கள் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவராக மல்லாக்க விழுந்தோம். என் கீழே அப்பா, என் மேலே எவனோ ஒருவனுடைய முழங்கால். வாய் நிறைய மணல். அப்பா கீழே கிடந்தபடியே, "பாத்தியா, இப்பிடித்தான் எப்பவும்," என்றார், மிகுந்த திருப்தியோடு.

அதன் பிறகு நடந்தது வடசேரியின் திருவிழா. நாங்கள் மணலில் இருந்தோம், அவர்கள் எங்களைச் சுற்றி ஆடினார்கள். முன்வடம் என்னைப் பற்றி ஒரு பாட்டே கட்டிவிட்டார். சப்பாத்து சேற்றில் புதைந்த கதை, நான் கொட்டிலுக்குப் பின்னால் தனியாகச் சோறு தின்ற கதை, "அனைவரும் இழுங்கள்", எல்லாம் அதில் வந்தன. அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற நாள்களில் என்னைத்தான் கவனித்திருக்கிறார் என்று அப்போதுதான் விளங்கியது. பாட்டின் முடிவில் எனக்கு ஒரு பட்டமும் வைத்தார்: முறிஞ்ச கொம்பு. நான் கைதட்டினேன். வேறு என்ன செய்ய? பாட்டு நன்றாக இருந்தது.

மறுநாள் மழை வரவில்லை. வானம் கழுவித் துடைத்ததுபோல இருந்தது. தென்சேரி கொம்பு சரியாகக் கட்டவில்லை, அதுதான் அம்மனுக்குக் கோபம் என்று வடசேரி சொன்னது. வடசேரியின் வாய்க்கொழுப்புக்குத்தான் மழை நின்றது என்று தென்சேரி சொன்னது. இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்த காக்கா, "மழைக்கு ஏதும் ஆட்சேபணை இரிக்கா எண்டு ஒருத்தரும் கேக்கல்ல," என்றார்.

ஆட்கள் சுணங்கித்தான் வந்தார்கள். வந்ததும் முன்வடம் மரக்காலை வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி, "டேய் முறிஞ்ச கொம்பு! இண்டைக்கு எத்தின மரம்?" என்றார்.

அந்த நேரம் பார்த்து அவருக்குப் பின்னால் முதலாளியின் வண்டி வந்து நின்றது.

முதலாளி குடையை விரிக்கவும் மறந்து இறங்கினார். "யாரையடா 'டேய்' எண்டு கூப்பிடுறாய்? கிளாக்கரையா? அந்த வாயோட இனி இஞ்ச வேலையில்ல உனக்கு. போ வெளியால!"

எல்லோரும் நின்ற இடத்தில் நின்றார்கள். முன்வடம் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். மன்னிப்புக் கேட்கவில்லை, என் பக்கம் பார்க்கவும் இல்லை. முன்பு போலவே வானத்தைப் பார்த்தார். கடகத்துக்குப் பின்னால் பிட்டுக்காரி எழுந்து நின்றாள்.

என்னுடைய வேலையே அன்றைக்கு ஒரு நூலில் தொங்கியது. ஆனால் அந்த மனிதரை அனுப்பிவிட்டு அந்த வேலையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

"முதலாளி, அவர் சொன்னதில் பிழையில்லை," என்றேன். "எங்கட கொம்பு முறிஞ்சதுதானே. வெண்டவங்க சொல்லத்தான் வேணும், தோத்தவங்க கேக்கத்தான் வேணும்."

என் வாயில் இருந்து அவர்களுடைய பேச்சு வந்ததை நானே அப்போதுதான் கவனித்தேன். அது என் வீட்டுப் பேச்சும்தான்.

"நீ கிளாக்கரடா!"

"கிளாக்கர்தான் முதலாளி. தென்சேரிக் கிளாக்கர்."

முதலாளி சேற்றில் கிடந்த பாலையைக் குடையால் காட்டினார். "சரி. அதை ஏத்து பாப்பம். ஏறினா ரெண்டு பேரும் இரிங்க. இல்லாட்டி ரெண்டு பேரும் போங்க."

நான் சப்பாத்தைக் கழற்றி மரக்கட்டையில் வைத்தேன். சேற்றில் இறங்கினேன். ஆட்கள் ஒவ்வொருவராக வடத்தைப் பிடித்தார்கள். முன்வடம் முன்தலைக்குப் போனார். போகிற வழியில் என் பக்கத்தில் நின்று, வடத்தைத் தூக்கி என் கையில் வைத்தார். முன்பு ஒரு நாள் என் கையில் இருந்து எடுத்த அதே வடம்.

"பிடி," என்றார். "குரலைக் குடு. அந்த 'அனைவரும்' மட்டும் வேணாம். சிரிச்சா இழுபடாது."

என்ன குரல் கொடுப்பது? எனக்கு ஒரு பாட்டும் தெரியாது. கரையைப் பார்த்தேன். கடகத்துக்குப் பக்கத்தில் பிட்டுக்காரி இரண்டு கையையும் பிசைந்துகொண்டு நின்றாள். எனக்கு அவளுடைய சொல்தான் ஞாபகம் வந்தது. என் தொண்டையில் இருந்த பலமெல்லாம் சேர்த்துக் கத்தினேன்:

"வடசேரிக்கு!"

ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வடத்தில் நின்ற தென்சேரி முழுவதும் ஒரே குரலாக:

"சம்பல் இல்ல!"

அந்த 'இல்ல'வில் எல்லா முதுகுகளும் சாய்ந்தன. சேறு பெருமூச்சு விட்டது. மரம் அசைந்தது, கொஞ்சம்தான், ஆனால் அசைந்தது.

முன்வடம் திரும்பிப் பார்க்காமலே முழங்கினார். "தென்சேரிக்கு!"

வடசேரி அள்ளிக் கொடுத்தது. "கொம்பு இல்ல!"

மறுபடியும் எல்லோரும் சாய்ந்தார்கள். யாருடைய ஏச்சுக்கு யார் இழுக்கிறார்கள் என்ற கணக்கே இல்லை. ஏசுகிறவனும் இழுத்தான், ஏச்சு வாங்குகிறவனும் இழுத்தான்.

"வடசேரிக்கு!"

"சம்பல் இல்ல!"

"தென்சேரிக்கு!"

"கொம்பு இல்ல!"

எருமை எழுந்துகொண்டது. சேற்றில் ஒரு வாய்க்காலைக் கீறிக்கொண்டு வந்தது. நான் இரண்டு தரம் விழுந்தேன். இரண்டு தரமும் யாரோ என் வேட்டி முடிச்சைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்கள். காக்கா வண்டியை விட்டு இறங்கி வந்து, "பொதுவும் ஒரு கை பிடிக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே பிடித்தார். மரம் கரையின் விளிம்பைத் தொட்டபோது சத்தம் வாவியின் அக்கரைக்கும் கேட்டிருக்கும். மேட்டில் ஏறி அது உருண்டு நின்றதும் நாங்கள் எல்லோரும் அதன்மேலேயே சாய்ந்து விழுந்தோம். எவன் எந்தச் சேரி என்று தெரியாதபடி எல்லோரும் ஒரே கறுப்பாக இருந்தோம்.

பிட்டுக்காரி கடகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒருவருக்கும் கொடுக்கும் முன்னால், தன் புருசனின் கையில் ஒரு இலைப் பிட்டும் அதன்மேல் மலைபோலச் சம்பலும் வைத்தாள்.

"என்னடி, இண்டைக்கு இரிக்கா?"

"கொம்புமுறி முடிஞ்சிதானே. தின்னுங்க. பொழுதுபட வீட்ட வாறன்."

முதலாளி மரத்தைச் சுற்றி வந்தார். குடையால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். யாரையும் பாராட்டவில்லை, மருமகனைப் பற்றியும் பேசவில்லை. வண்டியில் ஏறி இருந்தார். மாடு அடியெடுத்து வைத்த பிறகுதான் தலையை வெளியில் நீட்டினார். அந்த முகத்தில் நான் அதுவரை கண்டிராத ஒரு குறும்பு இருந்தது.

"தம்பி, நான் என்ன சேரி எண்டு நீ கேக்கல்லையே?"

எல்லோரும் அவரைப் பார்த்தோம்.

"எங்கட அப்பனும் வடசேரி, அவரட அப்பனும் வடசேரி. நாளைக்கு நேரத்தோட வேலைக்கு வா, முறிஞ்ச கொம்பு!"

வண்டி தெருவில் ஏறியது. அவருடைய சிரிப்பு கடகடவென்று வண்டிச் சில்லின் சத்தத்தோடு சேர்ந்து போனது. நாங்கள் வாயைத் திறந்தபடி நின்றோம். முதலில் சுதாரித்துக்கொண்டவள் பிட்டுக்காரிதான். அகப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவுக்கே ஓடினாள்.

"அப்ப முதலாளிக்கும் சம்பல் இல்ல!"